வழுக்குது போல அண்ணே

ரவாங்,
20 பிப்ரவரி 2024

ஜீவன் அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. வேறு வழி தெரியாமல் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிவில் எழுதிய எஸ்.பி.எம். பரீட்சைக்குப் பிறகு நான் தமிழில் பக்கம் பக்கமாக எழுதியதே இல்லை. ஆனால் நமக்குள் நடந்தது தமிழில் நடந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

நேற்று நம் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஜப்பான் விசாரணைக் குழுவிடம் நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். "துணை விமானியிடமிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இருவரும் எங்கள் மொழியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம்." என்னைப் பற்றி அதில் இருந்தது அவ்வளவுதான்.

விமானி அறையில் பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதனால் என்ன பேசினோம் என்பதில் தகராறு கிடையாது. போன மாதம் ஹொக்கைடோவில் இறங்கி, ஓடுபாதையை விட்டு, விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவேக்குத் திரும்பியதும் நான், "அண்ணே, இன்னிக்கு வழுக்குது போல" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "கிளாங் மழையில பைக் ஓட்டுனவன்மா நான், இதெல்லாம் ஒரு வழுக்கலா?" என்றீர்கள். சரக்கு இறக்கும் இடத்துக்கு வளைகிற திருப்பம் வந்தபோது, "அண்ணே, கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பதிவில் பேச்சு இல்லை. மோதிய சத்தம்தான் இருக்கிறது.

அதை ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். ஒரு சொல்லும் தவறில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'வானிலை பற்றிய உரையாடல்'. படித்தபோது எனக்கே அப்படித்தான் கேட்டது.

அது வெறும் பேச்சா, எச்சரிக்கையா என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சொன்னால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்பார்கள். நீங்கள் சொன்னபடியே விட்டால், வேகத்தைப் பார்த்துக்கொண்டே வாய் மூடி உட்கார்ந்திருந்தவள் நான். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா, இல்லையா?

மாதவி


கிளாங்,
8 மார்ச் 2024

செல்வி மாதவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விசாரணை நடக்கும்போது இப்படி எழுதுவது முறையல்ல. இருந்தாலும், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனேன் என்ற பேச்சு வர வேண்டாம்.

அன்று தரை எப்படி இருந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். வெள்ளையாக ஒன்றும் இல்லை. பனியை வாரித் தள்ளியிருந்தார்கள். தார் கருப்பாகப் பளபளத்தது. மழை விட்ட பிறகு பெடரல் ஹைவே எப்படி இருக்குமோ அப்படி. அது ஈரமில்லை, கண்ணாடி மாதிரி உறைந்த பனி என்று யாருக்குத் தெரியும்? திருப்பத்தில் மூக்குச் சக்கரத்தை முழுதாக ஒடித்தேன். விமானம் திரும்பவில்லை, நேராகவே போனது. பிரேக்கை மிதித்தால் பிரேக் பிடித்தபடியே சறுக்கியது. அதற்கு மேல் எந்தக் கேப்டன் என்ன செய்ய முடியும்?

சரக்கு இறக்கும் வண்டி, விமானம் நிற்கும்வரை தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. புகைப்படத்தில் இருக்கிறது. அது கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தால் நம் இடது இன்ஜின் அதில் பட்டிருக்குமா என்பது சந்தேகம். பட்டிருக்காவிட்டால் பக்கத்தில் நின்ற அந்த ஜப்பான்காரருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இதைக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். இது பொய்யில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எச்சரிக்கை என்றால் அது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குளிர்காலப் பயிற்சியில் நமக்குச் சொல்லித் தந்த சொல் 'ஸ்டாப்'. துணை விமானி அதைச் சொன்னால் கேப்டன் நிறுத்தியாக வேண்டும், காரணம் பிறகுதான் கேட்க வேண்டும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. பதிவில் இல்லை.

எனக்கு மட்டும் கஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்ப்பள்ளியில் என் படம் மாட்டியிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருடம், "சார் பிசியா இருப்பீங்க, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்கள். கோயிலில் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிடுகிறார்கள்.

உங்களை இந்தக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்தவன் நான் என்பதை மறந்துவிட வேண்டாம். இனி எழுத வேண்டாம்.

கேப்டன் ஜீவன் கன்னையா


ரவாங்,
15 மார்ச் 2024

அண்ணே,

'அவர்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்து பறந்த இந்தச் சில வருடங்களில் நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கடிதத்தை அம்மா கையில் கொடுக்காமல் மறைத்து வைத்தேன். நீங்கள்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என்று இந்தக் குடியிருப்பு, தாமான் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

நீங்கள் எழுதியதில் ஒன்று நிஜம். நான் 'ஸ்டாப்' என்று சொல்லவில்லை. தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்துதான் அது எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

ஓடுபாதை பரவாயில்லை, டாக்ஸிவே மோசம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சொன்னதை நான்தான் வாங்கி உங்களிடம் திருப்பிச் சொன்னேன். வேகம் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பனித்தரையில் இன்ஜின் சும்மா ஓடினாலே விமானம் தானாக வேகம் பிடிக்கும். திருப்பத்துக்கு முன்பே மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட வேண்டும். திருப்பத்துக்குள் போய்ப் பிரேக் தேடக் கூடாது. சந்தேகம் வந்தால் நின்றுவிட்டு மணல் தூவச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும். எல்லாம் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் நடக்கிற வேகத்தில் வரவில்லை. ஆள் ஓடுகிற வேகத்துக்கும் மேலே வந்தீர்கள். எனக்குத் தெரிந்தது.

ஆனால் வாயில் வந்தது 'வழுக்குது போல'. உங்களைப் போய் 'நிறுத்து' என்று எப்படிச் சொல்வது? வேறு யாராவது வெள்ளைக்காரக் கேப்டனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. என் மரியாதைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

அவர் பெயர் சைத்தோ. 'அந்த ஜப்பான்காரர்' இல்லை. விசாரணைக்காக நம்மை ஒரு வாரம் அங்கேயே ஹோட்டலில் வைத்திருந்தார்களே, அப்போது யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது காலைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் பார்த்தேன். நர்ஸ் வந்து ஏதோ கேட்டாள். தவறான அறை என்று கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நான் யோக்கியம் என்று எழுதவில்லை. என் பங்கைக் குழுவிடம் சொல்லிவிட்டேன். 'ஸ்டாப்' சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் கேட்பது உங்கள் பங்கை.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 'எச்சரிக்கை மாதிரி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். புரியவில்லை என்று எழுதவில்லை.

மாதவி


கிளாங்,
2 மே 2024

மாதவிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. பலமுறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

போன மாதம் குமுதாவும் நானும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். அவளுக்குப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேசையிலிருந்த ஒருவர், "பாஸ், நீங்க அந்த பைலட் தானே?" என்றார். இல்லை என்று சொன்னேன். பொண்டாட்டி எதிரில், என் பெயரை நானே இல்லை என்று சொன்னேன். அந்த மனிதர் சாரி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

குமுதா தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "அன்னிக்கு என்னதான்ங்க நடந்துச்சு? நீங்க ஒழுங்கா சொல்லவே இல்ல" என்றாள்.

சொன்னேன். தரை, வண்டி, சிவப்புக் கோடு எல்லாம் சொன்னேன். நீ பேசியதையும் ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன். "அந்தப் புள்ள வழுக்குது போல அண்ணேன்னுச்சு, நான் பைக் கதை சொன்னேன்" என்று.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அப்புறம்?"

"அப்புறம், கொஞ்சம் பாத்துன்னுச்சு."

"ஏங்க, அது பயந்து போய்ச் சொல்லியிருக்குங்க. நீங்க கார் ஓட்டறப்ப நானும் அப்படித்தானே சொல்றேன். மெதுவா போங்கன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதான் மழை பெய்யுதுங்கன்னு சொல்வேன். நீங்க புரிஞ்சுக்கிட்டு மெதுவா போவீங்க. என்னிக்காவது புரியாம இருந்திருக்கா?"

அவள் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை.

உன் கேள்விக்கு இதோ பதில். புரிந்தது. முதல் முறை சொன்னபோதே புரிந்தது. வேகம் அதிகம் என்று நீ சொல்கிறாய் என்று தெரிந்துதான் சிரித்தேன். விமானம் ஏற்கனவே தாமதமாகியிருந்தது. எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், நான் கொண்டுவந்து சேர்த்த பெண், எனக்குச் சொல்கிறாளே என்று ஒரு சின்ன எரிச்சல். அந்த எரிச்சலில் வேகத்தைக் குறைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

நேற்று குழுவுக்கும் கம்பெனிக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன். அவள் எச்சரித்தாள், எனக்குப் புரிந்தது, நான் அலட்சியம் செய்தேன் என்று. உன் ஒப்பந்தத்துக்கு இது உதவுமா என்று தெரியாது. பங்சாரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன், அனுப்ப வேண்டாம் என்றார். அனுப்பிவிட்டேன்.

உன்னை 'நீங்கள்' என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

ஜீவன்


ரவாங்,
19 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் என்னை மறுபடி எடுத்தார்கள். ஜூனிலேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. நன்றி சொன்னால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். உங்கள் கேப்டன் பட்டையை எடுத்துவிட்டார்கள் என்றும், நீங்கள் பறக்கவே வேண்டாம் என்று சொல்லி செப்பாங்கில் அலுவலக வேலை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் ஹொக்கைடோ போனேன். அதே விமான நிலையம். கேப்டன் ஷாஹுல் ஹமீது இடது பக்கம், நான் வலது பக்கம். தரை அதே கருப்பு. அவர் மெதுவாகத்தான் போனார், உங்கள் வேகம் இல்லை. ஆனால் காற்று பக்கவாட்டில் அடித்தது, வாலைத் தள்ளுவது எனக்கு இருக்கையில் தெரிந்தது. "ஸ்டாப்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் நிறுத்திவிட்டு, "என்னம்மா?" என்றார். "திருப்பத்துல பிடிக்காது கேப்டன். மணல் போடச் சொல்வோம்." அவர் சரி என்றார். மணல் வண்டி வர வெகுநேரம் ஆனது. பின்னால் இரண்டு விமானங்கள் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றன. அவர் பாட்டிலிலிருந்து காப்பி ஊற்றி எனக்கும் கொடுத்தார். பிறகு மணல் மேல் நடக்கிற வேகத்தில் திரும்பிப் போய் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஹோட்டலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது எவ்வளவு சின்ன வேலை அண்ணே.

இதை எழுதக் காரணம் வேறு. விசாரணையின் இறுதி அறிக்கையைப் படித்தீர்களா? நம் இரண்டு பேரைப் பற்றியும் சரியாக இருக்கிறது. ஆனால் துணைக் காரணம் என்று ஒரு பத்தி: சரக்கு வண்டி சிவப்புக் கோட்டைத் தாண்டி நிறுத்தப்பட்டிருந்தது. அது உங்கள் முதல் வாக்குமூலத்திலிருந்து வந்தது. நீங்கள் மே மாதம் எழுதியதில் அதை மாற்றவில்லை. வண்டியை அங்கே நிறுத்தியவர் சைத்தோதான். கோட்டை எவ்வளவு தாண்டியிருந்தது தெரியுமா? ஒரு சாண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாம் வந்த வேகத்துக்கு அது கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்றிருந்தாலும் அடித்திருப்போம். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அங்கே தரை ஊழியர் ஒருவரிடம் விசாரித்தேன். சைத்தோ வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். பழைய ஆட்கள் பார்க்கப் போனாலும் வருவதில்லையாம். கால் போனதால் அல்ல, வெட்கத்தால் என்றார்.

முகவரி வாங்கி வந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். நான் ஒருமுறை கதவு வரைக்கும் போய்த் திரும்பியவள். உங்களைப் போ என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் இந்த முறை சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போங்கள்.

மாதவி


ஹொக்கைடோ,
12 பிப்ரவரி 2025

மாதவி,

ஹோட்டல் அறையிலிருந்து எழுதுகிறேன். டிக்கெட் எடுத்து, பயணியாக வந்தேன். இறங்கியதும் விமானம் டாக்ஸிவேயில் ஊர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர், "ஏன் இவ்வளவு ஸ்லோ லா?" என்று முணுமுணுத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் விசாரணைக் குழு அலுவலகத்துக்குப் போய், வண்டி கோட்டைத் தாண்டி நின்றது விபத்துக்குக் காரணம் இல்லை, என் வேகம்தான் காரணம், வண்டியைப் பற்றி நான் சொன்னது என்னைக் காத்துக்கொள்ளச் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அறிக்கையைத் திருத்துவார்களா என்று தெரியாது. வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு அடுக்குமாடியில் தரைத்தளம். மகள் கதவைத் திறந்தாள். உன் வயதுதான் இருக்கும், ஆங்கிலம் பேசுகிறாள். யாரென்று சொன்னதும் ஒரு நொடி நின்றுவிட்டு, உள்ளே வரச் சொன்னாள். காலணியைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

சைத்தோ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்ன உருவம். எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்தார். நெற்றி மேசையில் படும்வரை குனிந்து ஏதோ சொன்னார். நிமிரவே இல்லை. மகள் சொன்னாள்: "அப்பா மன்னிப்புக் கேட்கிறார். அவர் வண்டியைச் சரியாக நிறுத்தாததால் உங்கள் விமானத்துக்குச் சேதம் வந்துவிட்டது. உங்கள் வேலைக்கும் கெடுதல் வந்துவிட்டது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், இந்தக் காலோடு வர முடியவில்லை என்கிறார்."

மாதவி, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நிமிரச் சொன்னேன். அவர் மீது ஒரு தவறும் இல்லை என்றேன். பனியில் வரக் கூடாத வேகத்தில் வந்தவன் நான், பக்கத்தில் இருந்த விமானி எச்சரித்தாள், தெரிந்தே கேட்கவில்லை, வண்டி எங்கே நின்றிருந்தாலும் அடித்திருப்பேன், தப்பிப்பதற்காகப் பழியை உங்கள் மேல் போட்டேன் என்றேன். மகள் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். பிறகு அப்பாவிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார் போல.

சைத்தோ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

அன்றைக்கே தெரியும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. மேசையில் கை ஊன்றி எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையை விலக்கினார். உள் அறைக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். மகள் பின்னாலேயே போய்விட்டு வந்தாள். அவர் மனைவி ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

"அப்பா இதைக் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார்" என்றாள் மகள்.

கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆறும்வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு முகமில்லை. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்துவிட்டு எழுந்தேன். கும்பிட்டேன். அங்கே யாரும் கும்பிடுவதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது அதுதான். மகள் தலை குனிந்தாள்.

வாசலுக்கு வந்தால், நான் உள்ளே பார்த்துக் கழற்றிப் போட்ட காலணிகளை யாரோ வெளிப்பக்கம் திருப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒழுங்காக வைத்திருந்தார்கள். விருந்தாளிக்கு அப்படி வைப்பது இந்த ஊர் மரியாதை என்று ஹோட்டலில் சொன்னார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. அந்த வீட்டு வாசலில் ஜோடியாக இருந்த என் காலணிகளில் கால் நுழைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஜீவன்